நாலு பேர் சேராத வீட்டுக் காட்ஸ்

'சீட்டு' எண்டால் எங்கடை பக்கத்தில் மாதாமாதம் கட்டுற சீட்டுத்தான் முதலில் ஞாபகம் வரும். அதனால் ஊர்ப் பேச்சுப்படி காட்ஸ் எண்டே எழுதுறம். மருதனார்மடத்திலை காட்ஸ் எண்டால் முந்நூற்று நாலு. நல்ல ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். நாலு பேர் சேராத வீட்டில் காட்ஸுக்கு என்ன வேலை? உலகம் இந்தக் கேள்விக்கு இருநூறு வருசத்துக்கு மேலாக ஒரு பதில் வைச்சிருக்கு. தனியாக ஆடுற காட்ஸ்தான் அந்தப் பதில்.

முதலில் காட்ஸ் எங்களிட்டை வந்த வழியைப் பாப்பம். அது சொற்களிலேயே கிடக்கு. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை இருந்தார்கள். கந்தோர், லாச்சி, நொத்தாரிசு, போஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கிளாவரும் ஆட்டினும் அப்படித்தான். அவர்களுடைய மொழியில் அவை க்ளாவர், ஹார்ட்டன். சிங்களத்தில் நாலு வகைக்குமே ஒல்லாந்தப் பெயர்தான்: ஹாரத, ருயித, களாபர, இஸ்கோப்ப. கந்தோர்ச் சொல்லும் விளையாட்டுச் சொல்லும் ஒரே கப்பலில் வந்திருக்கு.

முந்நூற்று நாலு என்ற பெயரே ஒரு கணக்கு. ஏழுக்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டால் மிச்சம் 32 காட்ஸ். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76; நாலு வகைக்கும் 304. ஆனால் ஆட்டத்தின் ருசி கணக்கில் இல்லை. துரும்பு கவிழ்ந்து கிடக்கும், கையில் இருப்பதை மறைக்க வேணும், எதிரில் இருக்கும் கூட்டாளியின் மனதைப் படிக்க வேணும். இது மற்றவரை வாசிக்கிற ஆட்டம்.

தனி ஆட்டம் வேற இடத்தில் பிறந்தது. 1783 இல் வந்த ஒரு ஜெர்மன் விளையாட்டு நூலில் அதைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் அதைப் 'பேஷன்ஸ்', அதாவது பொறுமை, என்றார்கள். அமெரிக்கர் 'சொலிடேர்' என்றார்கள். அதில் இரண்டு கட்டு வைத்து ஆடும் ஒன்றுக்கு 'நாற்பது திருடர்' என்று பெயர். 'சென் ஹெலனாவில் நெப்போலியன்' என்றும் சொல்லுவினம். 1815 இல் அந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1821 இல் அங்கேயே செத்த நெப்போலியன் இதை ஆடினதுக்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் கதை ஒட்டிக்கொண்டது. தனியாக ஆடுறவன் எண்டால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனாகத்தான் இருக்கவேணும் என்று ஆக்கள் நினைச்சிருக்கினம்.

ஆடும் முறை இது. இரண்டு கட்டையும் கலந்தால் 104. பாயில் பத்து நிரை போடுங்கோ. நிரைக்கு நாலு காட்ஸ், எல்லாம் முகம் தெரிய. அதுதான் நாற்பது திருடர். மிச்சம் 64 ஐயும் கவிழ்த்து வையுங்கோ. ஆஸ் வெளிவர வர மேலே தனியாக எடுத்து வைத்து, அதே வகையில் இரண்டு, மூன்று என்று ராசா வரைக்கும் ஏற்றவேணும். அப்படி எட்டு அடுக்கு. நிரைகளுக்குள் இறக்கித்தான் வைக்கலாம்: கிளாவர் ஒன்பதில் கிளாவர் எட்டு. நிரையின் கடைசிக் காட்ஸை மட்டும், ஒருமுறைக்கு ஒன்றாக, நகர்த்தலாம். காலியான நிரையில் எதையும் வைக்கலாம். கவிழ்த்த கட்டை ஒவ்வொன்றாகத் திறக்கவேணும். இடமில்லாதது பக்கத்துக் குவியலுக்குப் போகும். குவியலின் மேல் காட்ஸை எப்போதும் எடுக்கலாம். கட்டு முடிந்தால் திரும்பப் புரட்டக்கூடாது. 104 உம் மேலே ஏறினால் வெற்றி. அது அடிக்கடி நடக்காது.

இரண்டு விசயம் கவனியுங்கோ. ஒவ்வொரு காட்ஸும் இரண்டு இருக்கு. எதை நகர்த்தினால் எது புதையும் என்று பார்த்துத்தான் தொடவேணும். மற்றது, காலி நிரைதான் பெரிய சொத்து. அதை அவசரத்தில் நிரப்பாதையுங்கோ.

விண்டோஸ் 3.0 உடன் கணினிக்குள் சொலிடேர் வந்தது 1990 மே மாதம். யூனில் இங்கை திரும்பப் போர் தொடங்கியது. அந்த வருசம் குடாநாட்டில் கரண்ட் போனது. மின்நிலையம் இருந்த சுன்னாகம் எங்களுக்கு அடுத்த ஊர். எண்டாலும் இங்கை ஜாம்போத்தல் விளக்குத்தான். இரண்டு கட்டு வைத்து ஆடும் ஸ்பைடர், 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு கணினி வகுப்புக்குப் போன அண்ணாமார், அக்காமாருக்குத் தனி ஆட்டம் எண்டால் அந்தத் திரைதான். இப்ப அது போனுக்குள் வந்துவிட்டது.

பிள்ளையள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும், ஊர் வீட்டில் ஒரு அம்மம்மா அல்லது அப்பப்பா மட்டும். முந்நூற்று நாலுக்கு ஆள் சேராது. அங்கை பாயில் விரிக்கிற நாற்பது திருடருக்கு, போன் ஆட்டத்துக்கு இல்லாத ஒரு குணம் இருக்கு. எல்லாம் திறந்தே கிடக்கிறதால் பக்கத்தில் இருக்கிறவர் சும்மா இருக்கமாட்டார். "உந்த எட்டை ஏன் தூக்கினனி?" எண்டு கேட்பார். ஒருவருக்கான ஆட்டம்தான், ஆனால் இரண்டு பேர் குனிந்து பாக்கலாம்.

எனவே அடுத்த முறை அப்படியொரு வீட்டுக்குப் போனால் இரண்டு கட்டு கொண்டுபோங்கோ. கிளாவர், ஆட்டின் எண்டு அவை சொல்லுறதைக் கேளுங்கோ. மற்ற இரண்டு வகைக்கும் அந்த வீட்டில் என்ன பெயர் எண்டும் கேட்டு எழுதி வையுங்கோ. சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.