60 கிரேக்கு அப்பால்: மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முறைகளின் இணைவு

நுரையீரலிலிருந்து நடுமார்பின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்ட, ஆனால் தொலைவிலுள்ள உறுப்புகளை இன்னும் எட்டாத மூன்றாம் நிலைப் புற்றுநோயை அறுவையால் அகற்றுவது பெரும்பாலும் இயலாது என்பதால், அதன் சிகிச்சையில் கதிர்வீச்சே நெடுங்காலமாக முதலிடம் பெற்றுவந்துள்ளது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய ஆர்.டி.ஓ.ஜி. 73-01 என்னும் ஆய்வு, திசு உள்வாங்கும் ஆற்றலை அளக்கும் கிரே என்னும் அலகில் 40, 50, 60 ஆகிய அளவுகளை ஒப்பிட்டது. 60 கிரே பெற்றவர்களின் மார்புக்குள் நோய் மீண்டும் தலைதூக்குவது குறைந்திருந்ததால், நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 30 தவணைகளில் ஆறு வாரம் கொடுக்கும் அட்டவணை மருத்துவ வழக்காயிற்று. தவணைகளுக்கு இடையில் நலமான திசு தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதே இம்முறையின் அடிப்படை.

பின்னாளில் இணையவிருந்த இரண்டு நுண்முறைகளும் வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்தவை. ஆயினும் இரண்டின் தொடக்கத்திலும் சுவீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் இங்மார் லாக்ஸின் பெயர் காணப்படுகிறது. கதிர்க்கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, கட்டியின் வளைவுகளுக்கேற்ப அளவைப் படியச்செய்யும் ஐ.எம்.ஆர்.டி. முறைக்குக் கணித அடித்தளமிட்ட 1982ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் ஆண்டர்ஸ் பிராமேயுடன் இணைந்து எழுதினார். 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஹென்ரிக் புளோம்கிரேனுடன் சேர்ந்து, லார்ஸ் லெக்செல் மூளைக்கென வகுத்திருந்த ஸ்டீரியோடாக்டிக் முறையை உடலின் பிற உறுப்புகளுக்கும் விரித்தவரும் அவரே. எஸ்.பி.ஆர்.டி. எனப்படும் இம்முறையில், பல திசைகளிலிருந்து வரும் கற்றைகள் ஒரு சிறு இலக்கில் குவிந்து, மிகுந்த அளவைச் சில தவணைகளிலேயே செலுத்துகின்றன. மூச்சோடு கட்டியும் அசையும் என்பதால், நோயாளியை ஒரு சட்டகத்தில் படுக்கவைத்து வயிற்றை அழுத்தி உதரவிதானத்தின் அசைவைக் கட்டுப்படுத்தினர்.

இதன் ஆற்றலும் ஆபத்தும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 2010இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வில், அறுவைக்கு உடல்நிலை இடங்கொடாத தொடக்கநிலை நோயாளிகளின் மூலக்கட்டி மூன்றாண்டு முடிவில் 97.6 விழுக்காடு கட்டுக்குள் இருந்தது. ஆனால் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிம்மர்மன் குழுவினர் 2006இல் காட்டியபடி, பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டிய கட்டிகளுக்கு இதே முறையைக் கையாண்டபோது கடும் பக்கவிளைவுகள் பெருகின. நிணநீர்க் கணுக்கள் இருப்பதும் அந்த நடுப்பகுதியில்தான் என்பதால், முற்றிய நோய்க்கு எஸ்.பி.ஆர்.டி.யை மட்டும் நம்ப முடியவில்லை.

மாற்றாக, வழக்கமான தவணை முறையிலேயே மொத்த அளவைக் கூட்டினால் போதும் என்ற எதிர்பார்ப்பு வலுப்பெற்றது. அதைச் சோதித்த ஆர்.டி.ஓ.ஜி. 0617 ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தபோது, கீமோதெரபியுடன் 74 கிரே பெற்றவர்களின் இடைநிலை வாழ்காலம் 20.3 மாதமாகவும், 60 கிரே பெற்றவர்களுடையது 28.7 மாதமாகவும் இருந்தன. இந்தத் துறையில் இதைவிடக் கசப்பான பாடம் அரிது. எனினும் அதே ஆய்வின் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களின் கட்டிகள் பெரியவையாக இருந்தும், அவர்களிடம் பழைய முப்பரிமாண முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிடக் கடும் நுரையீரல் அழற்சி குறைவு (3.5 விழுக்காடு, எதிரணியில் 7.9) எனவும், இதயத்தில் படும் அளவு வாழ்காலத்தோடு தொடர்புடையது எனவும் தெரிந்தது. அளவு எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே விழுகிறது என்பதே முதன்மையான கேள்வியாயிற்று.

ஐ.எம்.ஆர்.டி. வழியே தரக்கூடிய வழக்கமான தவணைகளோடு எஸ்.பி.ஆர்.டி.யைச் சேர்க்கும் இணைப்பு முறை இக்கேள்விக்கான விடையாக வளர்ந்தது. கென்டக்கி பல்கலைக்கழகக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 60 கிரேயும் கீமோதெரபியும் முடிந்தபின் எஞ்சிய கட்டிக்கு மட்டும் எஸ்.பி.ஆர்.டி. கூடுதலாகத் தரப்பட்டது. வட அமெரிக்காவில் பின்னர் தொடங்கிய என்.ஆர்.ஜி.-எல்.யூ.008 என்னும் மூன்றாம் கட்ட ஆய்வு வரிசையைத் திருப்பிவிட்டது: முதலில் நுரையீரலிலுள்ள மூலக்கட்டிக்கு எஸ்.பி.ஆர்.டி., பிறகு நடுமார்புக் கணுக்களுக்குக் கீமோதெரபியுடன் வழக்கமான தவணைகள். ஒரே பரப்பாகக் கருதப்பட்ட இலக்கு இவ்வாறு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, உணவுக்குழாயும் இதயமும் நெருங்கிய பகுதி தவணை முறைக்கே விடப்பட்டதால், நீண்ட தவணைகளில் கதிர்படும் நுரையீரல் பரப்பும் சுருங்க வாய்ப்புண்டு.

இச்சுருக்கத்துக்கு இப்போது மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. கதிர்வீச்சுக்குப்பின் ஓராண்டு தரப்படும் டர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து, பசிஃபிக் என்னும் ஆய்வில் ஐந்தாண்டு வாழ்வோர் விகிதத்தை 33.4 விழுக்காட்டிலிருந்து 42.9ஆக உயர்த்தியது, ஆனால் கதிர்வீச்சால் குறிப்பிடத்தக்க நுரையீரல் அழற்சி ஏற்பட்டவர்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவே இல்லை; ஆகவே கதிர்படும் நுரையீரல் பரப்பைக் குறைப்பது இம்மருந்துக்கான வழியைத் திறந்துவைக்கவும் உதவலாம்.