கண்ணாடி பிடித்த ஆள்

‘நான் இப்ப எங்கே இருக்கேன்?’ - செல்போன் நொடியில் சொல்லிவிடுகிறது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அளக்க ஆரம்பித்த வில்லியம் லாம்டன், திருநெல்வேலி வந்து சேர்ந்தது 1809-ல்!

முந்தின வருஷம்தான் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அவருடைய அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியிருந்தது. மனுஷன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, இழுத்தும் தட்டியும் நிமிர்த்திவிட்டார். நிமிர்த்திய கருவி பொய் சொன்னால்? முக்கோணக் கணக்கில் வந்த தூரத்தை, நெல்லைச் சீமையில் தரையில் சங்கிலி போட்டு அளந்து சரிபார்த்தார் (பி.காம். படித்த எனக்கு இது ஆடிட்!). 1823-ல் இறக்கும்வரை அவர் கையில் அதே கருவிதான்.

கோணம் பார்க்க, தூரத்துக் குன்றில் கொடியோ விளக்கோ தெரியணும். புழுதியில் எங்கே தெரியும்? அடுத்து வந்த எவரெஸ்ட் - ஆமாம், சிகரத்துக்காரர்தான் - 1830-களில் வடக்கே ‘ஹீலியோட்ரோப்’ வைத்தார். ஒரு கண்ணாடி, அவ்வளவே. சூரியன் நகர நகர, குன்றில் நிற்கிற ஆள் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். அவர் அசந்தால் அன்றைய வேலை போச்சு!

சாட்டிலைட் எட்டாத இடத்தில் கார் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்க, இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சுவரில் பலகை மாட்டிப் பார்க்கிறார்கள். பலகை இருக்கும் இடம் முன்பே தெரியும். காரின் ரேடார் அலையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும் மின்சாரம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.