850 மெகாஹெர்ட்ஸ் வந்த வழி

850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முதலில் டி.வி.க்குச் சொந்தமானது. அமெரிக்காவில் 70 முதல் 83 வரையிலான யு.எச்.எஃப். சேனல்களுக்கு ஒதுக்கிய இடம் அது. 1970களில் அதை நடமாடும் தொலைபேசிக்கு மாற்றினார்கள். 1983 அக்டோபரில் சிகாகோவில் செல்போன் சேவை தொடங்கியபோது குரலைச் சுமந்தது இதுதான்.

இந்தியாவில் 1995-ல் செல்போன் வந்தபோது ஜி.எஸ்.எம். என்ற தொழில்நுட்பம் 900 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தது. 850-க்குப் பெரிய அளவில் வேலை வந்தது 2002 இறுதியில், சி.டி.எம்.ஏ. என்ற வேறொரு தொழில்நுட்பத்தில் ரிலையன்ஸ் தொடங்கிய சேவையோடு. ஜி.எஸ்.எம்.மில் எட்டுப் பேர் ஒரே சேனலில் முறைவைத்துப் பேசுவார்கள். சி.டி.எம்.ஏ.வில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு குறியீடு. பஸ்ஸில் போகும்போது ஜி.எஸ்.எம். போன் பழைய டவரை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கும், சி.டி.எம்.ஏ. போன் புதியதைப் பிடித்த பிறகே பழையதை விடும். தொழில்நுட்பத்தில் சி.டி.எம்.ஏ.வே ஒரு படி மேல் என்பேன். ஆனால் பெரும்பாலான செட்டுகளில் சிம்மே கிடையாது. எண் போனுக்குள்ளேயே பதிந்திருந்தது. செட்டை மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். மக்கள் சிம்மைக் கழற்றி மாட்டும் சுதந்திரத்தின் பக்கம் போனார்கள்.

சி.டி.எம்.ஏ. போய்விட்டது, அலைவரிசை போகவில்லை. 2016-ல் ஜியோ 4ஜி தொடங்கியபோது 1800, 2300-உடன் 850-உம் களத்தில் இருந்தது. காரணம் அலையின் நீளம். 850-ன் அலை சுமார் 35 சென்டிமீட்டர். 2300-ன் அலை 13 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளையும், சுவரில் குறைவாகவே தேயும். கூடத்தில் 2300-ல் வேகமாக ஓடும் போன், உள்ளறைக்குப் போனதும் 850-க்கு இறங்குவது இதனால்தான். 850-ல் நிறுவனங்களிடம் இருக்கும் இடம் குறுகலானது; வேகம் குறையும், ஆனால் பேச்சு அறாது.

ஆகவே வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா என்பதை 4ஜி, 5ஜி என்ற எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்து டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. திரையில் தெரியும் கோடுகளையும் நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் என்ற பகுதி சிக்னலின் வலிமையை டி.பி.எம். அளவில் காட்டும். 4ஜி-யில் மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 115-க்குக் கீழே போனால் தடுமாறும். ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நெட்வொர்க் மாற்றுமுன் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவரின் போனை உங்கள் உள்ளறையில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள்.