விலை வீழ்ந்தபோதும் வெட்டு பிசகவில்லை

நெருக்கடிக் காலத்தில் வேலையின் தரத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. முடியாது என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். கூலியைக் குறைத்தால் வேலையும் குறையத்தானே செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ராசாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து சொல்கிறேன்.

ராசா இன்று சிரம்பானோடு ஒட்டிக் கிடக்கும் ஊர். வீடமைப்புப் பகுதிகளும் கடைகளும் வந்துவிட்டன. ஆனால் நெகிரி செம்பிலான் தமிழர்களில் பலரின் குடும்பக் கதை தோட்டத்து லயத்தில்தான் தொடங்குகிறது.

பால்மரம் வெட்டுவது முரட்டு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர் இருக்கும்போதே மரத்தடிக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் குறையும். ஒரு முறைக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோட்டமாகப் போனால் மங்கு நிறையாது. இந்தக் கணக்கோடு ஒரு காலையில் ஏறத்தாழ 500 மரம்! மரத்தைக் கொல்லாமல் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் நிரூபித்துக் காட்டியவர் ரிட்லி. அதை நாள்தோறும் செய்து காட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

இனி நெருக்கடிக்கு வருவோம். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. 1932இல் அதே பவுண்டு மூன்று பென்னிக்கும் கீழே விழுந்தது. 50 காசாக இருந்த ஆண்களின் நாள்கூலியை 1930இலேயே 40 காசாக்கினார்கள். அது பிறகும் இறங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் அரசுச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மிஞ்சியவர்கள் கையில்தான் மரங்கள் இருந்தன. சீவிய இடத்தில் பட்டை மறுபடி வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அப்படியானால், 1932இல் அரைக் கூலி வாங்கியவர் கோபத்தில் கத்தியை அழுத்தியிருந்தால், 1940இல் அந்த மரத்தில் பால் ஏது? கெட்ட காலத்தில் செய்த நல்ல வேலைதான் அடுத்த தலைமுறைக்குச் சோறு போட்டது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. விலை மீண்டபோது அந்த அளவுக்குக் கூலி மீளவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி மட்டுமல்ல, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற அவமானமும் அதற்குக் காரணம். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு இதே நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியவர் பி.பி.நாராயணன். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு அவரே பொதுச் செயலாளர். நல்ல வேலையும் நியாயமான கூலியும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள் என்பதை இந்த வரலாறு சொல்கிறது.

அடுத்த அடி 1960களில் விழுந்தது. செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்தது. 1960இல் பவுண்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் இருந்த விலை, பத்தாண்டு முடிவதற்குள் பாதியானது. அப்போது மலேசியா எடுத்த முடிவு என்ன? சரக்கின் தரத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது! 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற தர முறை வந்தது. அதுவரை தகட்டைக் கண்ணால் பார்த்து ரகம் பிரித்தார்கள். இனிமேல் சோதனைக்கூடம் அளந்து சொல்லும். எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அன்றைய வரம்பு. அந்தச் சுத்தம் ஆலையில் மட்டும் வருவதில்லை. மங்கைத் துடைத்து வைக்கும் கையில் தொடங்குகிறது.

அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். தொழிலாளி வேலையும் வீடும் இழந்தார். 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, தவணையில் கட்டலாம். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் காசில் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் வெட்டியவர் பங்குதாரரானார்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். தொழில் மந்தமான நாளில் தரத்தைக் கைவிடுகிறவர், நாளை வெட்ட வேண்டிய பட்டையை இன்றே காயப்படுத்துகிறார். அது ஒட்டுக்கடையானாலும் சரி, பட்டறையானாலும் சரி. ஆனால் தொழிலாளியிடம் தரம் கேட்கும் முதலாளி, நல்ல காலம் திரும்பும்போது அவனை மறக்கக் கூடாது. மறந்ததன் விலையை 1941 நமக்குச் சொல்லியிருக்கிறது.