அவரும் அவர் குடும்பத்தாரும்

அடிமைமீது உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். நிலம் தரவில்லை. பொன்னேரியும் திருவள்ளூரும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், விடுபட்ட பறையர்கள் அதே மிராசுதாரரிடம் படியாளாகவும் வாரக்குடியாகவும் நின்றார்கள். சேரி மனையும் மிராசுதாரர் பிடியில். வாரத்தைக் கூட்டிக் கேட்டால் குடிசை போய்விடும். கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கை இந்தப் பிடியை மறைக்கவில்லை. மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது.

நான் தேடியது பெண்களை. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தவர்கள் அவர்கள்தானே? களத்தில் நெல் அளக்கும்போது கூப்பிட்டது ஆணின் பெயரை. பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தாரின் உழைப்பையோ செலுத்துபவரே சாகுபடிக் குத்தகைதாரர் என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டம். மனைவி நட்டாலும் குத்தகைதாரர் கணவர்தான்! நன்செய்யில் உடைமையாளர் பங்கு 1956இல் 40 விழுக்காடு. 1979இல் 25 ஆனது. மிச்சம் 75இல் அவளுக்கு எத்தனை மரக்கால் என்று சட்டம் கேட்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வேனுக்குக் காத்திருந்த ஒரு பெண், தன் ஆயா நட்ட கழனியைக் கைநீட்டிக் காட்டினார். அங்கே இப்போது காம்பவுண்டுச் சுவர்.