வில்லும் பட்டை வாளும்



வளைந்தும் முறியாது மீண்டும் நிமிர்வதே வில்லின் சிறப்பு. மரம் அரியும் பட்டை வாளுக்கும் அக்குணமே உயிர். ஒரு விளிம்பிலே பற்கள் கொண்டு, இரு சக்கரங்களைச் சுற்றி இடைவிடாது ஓடும் உருக்கு நாடாவையே பட்டை வாள் என்கிறோம். சக்கரத்தைச் சுற்றும்போதெல்லாம் அது வளைந்து நிமிர்கின்றது. இவ்விரு கருவிகளும் சந்திக்கும் வரலாற்றை இன்று நோக்குவோம்.

வட அமெரிக்காவின் தென்மத்திய பகுதியிலே ஓசேஜ் ஆரஞ்சு என்னும் வன்மரம் வளர்கின்றது. ஓசேஜ் முதலிய பழங்குடி மக்கள் அதனைக்கொண்டு வில் செய்தனர். அங்கு வந்த பிரெஞ்சுக்காரர், வில்மரம் எனப் பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். 1804 ஆம் ஆண்டு மெரிவெதர் லூயிஸ், சென் லூயிஸ் நகரிலிருந்து அதன் கொப்புகளைச் சனாதிபதி தோமஸ் ஜெபர்சனுக்கு அனுப்பினார். இம்மரத்தைத் தேடி மக்கள் பல நூறு மைல் செல்வர் என்று உடன் அனுப்பிய கடிதத்திலே குறிப்பிட்டார்.

அடிமரத்தை ஆப்பறைந்து பிளப்பதே வில்வினைஞரின் பழைய வழக்கம். பிளவு மரநாரைத் தொடர்ந்தே செல்லும். நார் வளைந்தால் தானும் வளையும். வில்லை இழுக்கும்போது இலக்கை நோக்கிய அதன் முதுகு நீட்சியுறுகின்றது. அங்கே நார் அறுபட்டிருப்பின், அவ்விடத்திலேயே வில் பிளந்துவிடும்.

பட்டை வாளும் தொடக்கத்தில் இவ்வாறே முறிந்தது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் நாடாவின் இரு முனைகளையும் உறுதியாக இணைக்கும் வழி அக்காலத்தில் இல்லை. ஓயாத வளைவைத் தாங்காது பொருத்து விட்டுப்போயிற்று. சுமார் நாற்பது ஆண்டுகளின் பின், 1846 இல், ஆன் போலின் கிரெப்பேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி முனைகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின்னரே இவ்வாள் தொழிற்கூடங்களில் நிலைபெற்றது.

இன்று வன்மரத்தில் விற்கழி அரிபவர் எத்தகைய வாளலகைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? தடித்த மரத்துக்கு அங்குலத்துக்கு மூன்று பற்கள் உள்ள, அரை அங்குல அகலமான அலகு பொருத்தமானது. பற்களிடையே உள்ள ஆழமான பள்ளங்கள் மரத்தூளை வெளியே கொண்டுசெல்லும். நெருங்கிய பற்களாயின் தூள் அடைத்துக்கொள்ளும். அலகு சூடேறிக் கோட்டை விட்டு விலகும். அரை அங்குல அலகு ஏறத்தாழ இரண்டரை அங்குல ஆரமுள்ள வளைவு வரையே திரும்பும். அதனினும் நெருங்கிய வளைவுக்குக் கால் அங்குல அலகு வேண்டும். வளையும் முதுகோடு கடினமான பல்விளிம்பை இணைத்த ஈருலோக அலகு வன்மரத்திலும் நெடுநேரம் கூர் மழுங்காது.

எனினும், எத்துணைச் சிறந்த அலகாயினும் நாரின் போக்கை அறியாது. கீறிய கோட்டையே அறியும். ஆகையால் முதலில் நாரின் ஓட்டத்தைக் கண்டு, அதன்படி கோடு கீறுதல் வேண்டும். பக்கங்களையும் வயிற்றுப்புறத்தையும் வாளுக்கு விடலாம். முதுகை மட்டும், ஓராண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாதவாறு, சீவற்கத்தியால் பொறுமையாகச் சீவி எடுத்தல் வேண்டும். ஆப்பு தானாகவே செய்த வேலையை, வாளைக் கையாள்பவர் தம் கண்ணாற் செய்தல் வேண்டும். அதில் அவர் தவறினாரா என்பதை நாணேற்றி இழுக்கும் முதல் நாளிலேயே வில் சொல்லிவிடும்.