காதைப் பிளக்கும் எக்ஸோஸ்: கடையில் விற்பதால் சட்டப்படி சரியாகிவிடுமா?

நள்ளிரவு தாண்டிய நேரம். தாமான் முழுக்க விளக்குகள் அணைந்திருக்கும். திடீரென்று முனையில் ஒரு கார் திரும்பும். பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டதுபோல் வெடித்துக்கொண்டே தெருவைக் கடந்து போகும். தொட்டிலில் கிடந்த குழந்தை அலறி எழும். காலை ஷிப்டுக்கு 5 மணிக்கே எழ வேண்டியவருக்கு அதன்பிறகு தூக்கம் வராது. தோட்டத்து லயத்திலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் கார் அல்ல, மோட்டார் சைக்கிள்.

“சொந்தக் காசு போட்டு மாற்றினேன், கடையில் பகிரங்கமாகத்தானே விற்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள் இளையோர். “இதை யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்கிறார்கள் குடியிருப்பாளர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் உண்டு.

சைலன்சர் எதற்கு?

எஞ்சினுக்குள் எரிந்த வாயு, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் மிகுந்த அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை இப்படிப் பாய்வதே எக்ஸோஸ் சத்தம். தொழிற்சாலையில் பொருத்தி வரும் சைலன்சருக்குள் சிறுசிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சும் அடைத்திருப்பார்கள். ஒலி அலைகள் அவற்றில் மோதி வலுவிழந்த பிறகே வெளியே வருகின்றன.

சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவது, உள்ளிருக்கும் தடுப்பை அறுத்தெடுப்பது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நீக்குவது ஆகியவைதான் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் மாற்றங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைக் கெடுதல் குறைந்தவையாக மாற்றும் கருவி. அதை எடுத்துவிட்டால் சத்தத்தோடு புகையின் நச்சும் கூடும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் “படபட”வென்று வெடிக்கும் சத்தம் வேறு வகை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் எரிபொருள், தீப்பொறி நேரம் ஆகியவற்றை மாற்றி அமைக்கிறார்கள். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் எக்ஸோஸ் குழாய்க்குள் போய் எரிவதால் எழும் சத்தம் இது. பார்ப்பவருக்குப் பந்தயக் கார்போல் தெரியும். உண்மையில் எரிபொருளும் எக்ஸோஸ் பாகங்களும் வீணாவதுதான் மிச்சம்.

சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

டர்போ எஞ்சினில், சரியாக வடிவமைத்த எக்ஸோஸால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் சாதாரண மைவி, சாகா போன்ற கார்களில் வேறெதையும் மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தி மிகச் சொற்பம். குறைந்த வேகத்தில் இழுவை குறைந்துபோவதும் உண்டு. கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

டெசிபல் கணக்கு

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. நிறுத்தி வைத்த வாகனத்தைச் சோதிக்கும் சர்வதேச முறையில், எக்ஸோஸ் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளக்கிறார்கள்.

அப்படி அளக்கும்போது 100 டெசிபல் காட்டும் ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 8 மீட்டர் தள்ளி அது 76 டெசிபல். பாதி திறந்த சன்னல் சுமார் 15 டெசிபலைக் குறைக்கும் என்று வைத்தாலும், படுக்கையறைக்குள் 61 டெசிபல் வந்துவிடுகிறது. தூக்கம் கெடாதிருக்க, படுக்கையறையில் தனியொரு சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி. எதிரெதிரே சுவர்கள் நிற்கும் வரிசை வீட்டுத் தெருவில் ஒலி மோதித் திரும்புவதால் நிலைமை இன்னும் மோசம்.

ஓட்டுபவருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் பாதிப்பு உண்டு. நாட்டின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைப்படி, 8 மணி நேர வேலைக்கு உச்ச வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடக் கூட, தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். இரைச்சலால் போன செவித்திறன் திரும்ப வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளும் இதில் முதன்மையானவை. எக்ஸோஸை விதிக்கு மாறாக மாற்றியமைத்து ஓட்டுபவருக்கு 2,000 வெள்ளிவரை அபராதமோ 6 மாதம்வரை சிறையோ விதிக்க இடமுண்டு. வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

இன்னொரு சட்டம் பலருக்குத் தெரியாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், மோட்டார் வாகன இரைச்சலுக்கென்றே 1987இல் விதிமுறைகள் வந்தன. எந்த வகை வாகனம் எத்தனை டெசிபல்வரை போகலாம் என்ற வரம்பு அவற்றில் இருக்கிறது. போலீஸும் ஜேபிஜேயும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து நடத்தும் சாலைச் சோதனைகளில் ஒலிமானியோடு அதிகாரிகள் நிற்பது இதற்காகத்தான்.

எக்ஸோஸை மாற்றுவதே குற்றம் என்று இதற்குப் பொருளல்ல. துருப்பிடித்து ஓட்டை விழுந்த எக்ஸோஸைக் கழற்றிவிட்டு, அந்த வாகனத்துக்குரிய அதே தரத்தில் புதிதாகப் போடுவதில் தவறில்லை. ஓட்டையோடு ஓட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கலைத் தரும்.

கடையில் விற்கிறார்களே?

ஒரு பொருள் கடையில் விற்கப்படுவது வேறு, அதைப் பொருத்திய வாகனம் பொதுச் சாலையில் ஓடுவது வேறு. பந்தயத் திடலுக்கென்று செய்த எக்ஸோஸ்களும் அதே அலமாரியில்தான் இருக்கும். “சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று பெட்டியிலேயே எழுதியிருந்தாலும் பலர் படிப்பதில்லை.

வாங்குமுன் தர முத்திரையைப் பார்ப்பது நல்லது. வாகனத் தரம் குறித்த ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா 2006இல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி சோதித்து ஏற்கப்பட்ட பாகங்களில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் பொறித்திருக்கும். மலேசியாவின் எண் 52. மாற்று எக்ஸோஸுக்கென்றே அதில் தனி விதிகள் உண்டு: காருக்கு 59ஆம் விதி, மோட்டார் சைக்கிளுக்கு 92ஆம் விதி. முத்திரையுள்ள எக்ஸோஸை வாங்கி, பிறகு உள்ளிருக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டால் முத்திரைக்கு மதிப்பில்லை. சந்தேகம் இருந்தால் பணம் கட்டுமுன் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

முந்தைய உரிமையாளர் மாற்றிய எக்ஸோஸுக்கு இன்று சம்மன் வாங்குவது, இன்று அந்தக் காரை ஓட்டுபவர்தான். “வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்ற பதில் சாலைத் தடுப்பில் எடுபடாது. முதல் சம்பளத்தில் பழைய கார் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய அடி. அசல் எக்ஸோஸையும் சேர்த்துத் தருமாறு விற்பவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காவிட்டால், விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போது தகராறு வரலாம்.

புகார் செய்வது எப்படி?

நடுத்தெருவில் வண்டியை மறித்துச் சண்டை போடுவது ஆபத்து. வாகன எண், நிறம், வகை, வரும் இடம், வழக்கமான நேரம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்தால் அது வலுவான புகாராகும். அதைப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ ஜேபிஜே அலுவலகத்திலோ கொடுக்கலாம். சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லாத எண் 1-800-88-2727. ஒருவர் மட்டும் போவதைவிட, ருக்குன் தெத்தாங்கா அல்லது குடியிருப்போர் சங்கத்தின் வழியாகப் பலர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் சோதனை வைக்கலாம் என்பதை அதிகாரிகள் முடிவு செய்வது எளிது.

ஓட்டுபவர் பெரும்பாலும் அதே தாமானில், அதே லயத்தில் வளர்ந்த பிள்ளையாகவே இருப்பார். புகாருக்கு முன்னால், அவரை நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர் பகல் நேரத்தில், “தம்பி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது” என்று தனியாகச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் கேட்காவிட்டால், குறித்து வைத்த தாளோடு போலீஸ் நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை.